கேத்திலில் படிந்த குகை

எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் ஒரு கல் வளர்கிறது. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போடுகிற எந்த வீட்டிலும் அது இருக்கும். முதலில் வெள்ளைத் தூள், பிறகு தகடு, கடைசியில் தண்ணீர் கொதிக்கும்போது உள்ளே கிடந்து தடதடக்கும். மனைவி வினாகிரி விட்டு ஊறவைத்துக் கழுவுவார். போன மாதம் அவருக்கு முந்தி நான் ஸ்குரூ டிரைவரால் தட்டி எடுத்துவிட்டேன். பெருவிரல் நகம் அளவில் ஒரு பொருக்கு கிடைத்தது. அதைச் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் தொழில் மோட்டர், தண்ணி இறைக்கிற மெசின் திருத்துவது. ஐயாவின் தொழில் கிணறு வெட்டுவது. ஐயா வெட்டின கிணற்றில் நான் பூட்டின மோட்டர்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. பன்னிரண்டு வயதில் முதல் தடவை ஐயாவோடு கிணற்றுக்குள் இறங்கினேன். மேலே ஒரு ஆள் மட்டம் செம்பாட்டு மண், அதற்குக் கீழே முழுக்கக் கல். அலவாங்கு போட்டால் நெருப்புப் பறக்கும், சில இடத்தில் வெடி வைக்கவேண்டும். ஆனால் ஐயா கல்லை நம்பி வெட்டுகிறவர் இல்லை. கல்லில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடித்தான் வெட்டுவார். அலவாங்கின் சத்தம் மாறினால் நிறுத்துவார். "உள்ளை புடை கிடக்குது" என்பார். இன்னும் நாலு அடி அடித்தால் கல்லில் ஒரு வாய் திறந்து, அதற்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு வரும். சில புடைக்குள் கை போகும், சிலதுக்குள் ஆளே போகலாம். யாழ்ப்பாணத்துக் கிணறு என்பது, பாதிக்கு மேல், யாரோ முன்னமே தோண்டி வைத்ததை ஐயா போன்றவர்கள் கண்டுபிடித்ததுதான்.

அந்த யாரோ யார் என்பதுதான் இந்தப் பதிவு.

இதை இப்போது எழுதக் காரணம் என் பெறாமகள். அண்ணன் லண்டனில், பிள்ளையும் தாயும் இங்கே. உயர்தரத்துக்குப் புவியியல் படிக்கிறாள். அவளுடைய குறிப்புக் கொப்பியில் ஒரு வரி: "கடலலைகளின் அரிப்பினால் கரையோரச் சுண்ணக்கற் பாறைகளில் குகைகள் தோன்றுகின்றன." நான் வாசித்துவிட்டு, "இது அரைவாசிதான்" என்றேன். "மெசின் திருத்துறவர் புவியியலும் திருத்தப்போறார்" என்று சிரித்தாள். சரி, வா காட்டுறன் என்று கூட்டிப்போனேன். எப்படியும் அவளுடைய அப்பப்பாவுக்குத் தானே அமாவாசைக் கடன்.

கீரிமலையில் அன்றைக்குச் சனம் என்றால் சனம். ஆடியில் சோளகக் காற்று தெற்கிலிருந்து வருவதால் வடக்குக் கரைக் கடல் அடங்கிக் கிடக்கும். கேணிக்குள் இறங்கினவுடன் கால் சில்லிட்டது. கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர், குதிரைமுகம் மாறின மாருதப்புரவீகவல்லி எல்லாரும் முழுகி எழும்பின தண்ணீர் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே விளங்காத அதிசயம் வேறு. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். ஒரு வாய் வைத்துப் பார்த்தால் இலேசான உவர்ப்பு, கடலின் உப்பு இல்லை. கேணியின் அடியில் கல்லின் வெடிப்புகளால் தண்ணீர் ஊறி வந்துகொண்டே இருக்கிறது. கடலுக்குள் இறங்கி நின்றாலும் சில இடங்களில் காலுக்குக் கீழே குளிரான ஒரு ஓட்டம் தெரியும். நிலத்துக்குள் இருக்கிற மழைத்தண்ணீர் கடலுக்குள் போகிற வழி அது.

பிதிர்க்கடன் முடித்து, ஈர வேட்டியைப் பிழிந்து பைக்குள் வைத்துவிட்டுக் கரையோரமாகக் கிழக்கே நடந்தோம். இந்தக் கரையின் கல்லில் வெறுங்காலோடு நடக்கவே முடியாது. தூரத்தில் தட்டையாகத் தெரியும். கிட்டப் போனால் முழுக்கக் குழியும் கூரும், கத்தி முனைகளை நட்டு வைத்த மாதிரி. அவளுடைய செருப்பு ஒன்று பாதிவழியிலேயே வார் அறுந்தது. குனிந்து பார்த்தால் கல்லுக்குள் சிப்பியும் முருகையும் பதிந்திருக்கிறது. மயோசீன் காலத்தில், அதாவது 2 கோடி 30 லட்சம் ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத ஒரு சூடான கடலின் அடியில் சேர்ந்த ஓடுகளும் முருகையும் சேறும் இறுகித்தான் இந்தக் கல். குடாநாடு முழுக்க இதன்மேல்தான் இருக்கிறது. ஆறு என்று சொல்ல மழைகாலத்தில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான். மற்ற மழையெல்லாம் கல்லுக்குள் இறங்கிவிடுகிறது.

நான் காட்ட நினைத்த குகைக்கு வந்தோம். குகை என்றவுடன் பெரிதாக நினைக்கவேண்டாம். கடலைப் பார்த்த ஒரு ஓட்டை, இடுப்பளவு உயரம். தவழ்ந்து உள்ளே போனால் நாலு பேர் குந்தியிருக்கலாம். போனில் ரோச் அடித்து மேலே காட்டினேன். கூரையில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள், யாரோ வெண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்த மாதிரி. பின்சுவரில் இன்னும் இரண்டு ஓட்டைகள், அதற்குள் கை விட்டால் மறுபடி அகலம்.

"இப்ப சொல்லு. அலை குடைஞ்சதெண்டால் எந்த இடம் பெரிசா இருக்கவேணும்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "வாசல் பக்கம். அலை அங்கைதானே கூட அடிக்கும்."

"ஓம். இஞ்சை வாசல் சின்னன், உள்ளுக்குத்தான் பெரிசு."

"அப்ப உள்ளுக்கை இருந்து ஆர் குடைஞ்சது, சித்தப்பா?"

பொக்கற்றிலிருந்து கேத்தில் பொருக்கை எடுத்து அவள் கையில் வைத்தேன். குடைந்தது தண்ணீர், அது கொண்டுபோனது இதைத்தான் என்றேன்.

மழைத்தண்ணீர் வானத்திலிருந்து விழும்போதே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. மண்ணுக்குள் இறங்கினால் இன்னும் நிறையக் கிடைக்கும். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகிற இடம் அது. மண்ணுக்குள் இருக்கிற காற்றில் அந்த வாயு, வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரைக்கும் இருக்கும். ஆக, கல்லைத் தொடும்போது தண்ணீர் இலேசான சோடாவாகத்தான் தொடுகிறது. அந்த மென்மையான அமிலத்துக்குக் கருங்கல் அசையாது, சுண்ணக்கல் கரையும். வெடிப்புகளிலும் படைகளுக்கு நடுவிலும் கரைத்துக்கொண்டே போய் அந்தத் தண்ணீர் கிணற்றுக்கு வருகிறது. நாங்கள் அள்ளி அடுப்பில் வைத்தால் கொதியில் வாயு பறந்துவிடும், பிடித்து வைத்திருந்த கல்லைத் தண்ணீர் கேத்திலில் போட்டுவிடும். கேத்தில் அடியில் இருப்பது நிலத்துக்கு அடியில் இல்லாமல்போன கல்.

தொழில்காரன் என்பதால் எனக்குக் கணக்கு வரும். ஒரு லீற்றர் தண்ணீரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கு அது பெரிய கணக்கே இல்லை. இரண்டு இஞ்சி மெசின் ஒன்று மணித்தியாலத்துக்கு 20,000 லீற்றர் இறைத்தால், 6 கிலோ கல் குழாயால் வெளியே வருகிறது. கல்லாகப் பார்த்தால் இரண்டேகால், இரண்டரை லீற்றர் அளவு ஓட்டை. வெங்காயத்துக்கு ஒரு மணித்தியாலம் இறைத்தவர் நிலத்துக்கு அடியில் ஒரு செம்பு அளவு இடத்தைக் காலி பண்ணியிருக்கிறார். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்ததில்லை, ஊர் முழுக்க மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினதுதான். கொஞ்சம் தோட்டத்து மண்ணிலேயே திரும்பப் படிந்தும்விடும். இருந்தாலும் அந்தச் செம்பை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரித்தான்.

இதுவரை பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலும் இருக்கும். எனக்குச் சிக்கல் வந்தது இதற்குப் பிறகு. கடையில் மத்தியானத்தில் வேலை குறைவு, போனில் இதுகளை வாசித்துக்கொண்டிருப்பேன். மழைத்தண்ணீர் மேலே முதல் சில மீற்றர் கல்லிலேயே பெரும்பாலும் வயிறு நிறைந்துவிடுகிறது. பிறகு கீழே போகிற தண்ணீருக்குப் பசி இல்லை. கடல் தண்ணீருக்கும் பசி இல்லை. இது எனக்குப் பெரிய ஆச்சரியம், ஏனென்றால் உப்புத்தான் கல்லைக் கரைக்கிறது என்று ஊரில் எல்லாரும் சொல்வோம். எங்கள் மாதிரிச் சூடான கடல்களின் மேற்பரப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அது தானாகக் கல்லைக் கரைக்காது. நல்ல தண்ணீரும் சாப்பிட்டுவிட்டது, கடலும் சாப்பிட்டுவிட்டது. பின்னே கரையிலிருந்த பாறைக்குள் இவ்வளவு பெரிய அறையை யார் தின்றது?

விடை, அந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. அல்பிரட் போக்லி என்ற சுவிஸ் ஆய்வாளர் 1964 இல் எழுதினது இது: சுண்ணாம்பால் நிறைந்த இரண்டு வித்தியாசமான தண்ணீர்கள் கலந்தால், கலந்த தண்ணீருக்குத் திரும்பவும் பசி எடுக்கும். பெறாமகள் இதை நம்பவில்லை. பந்தியில் எழும்பின இரண்டு பேர் முற்றத்தில் சந்தித்துக் கதைத்துவிட்டு மறுபடியும் இலைபோடச் சொல்கிற மாதிரி என்றேன். "உங்கடை கூட்டாளிமார் அப்பிடித்தான்" என்றாள்.

விசயம் இதுதான். தண்ணீர் சுண்ணாம்பைப் பிடித்து வைத்திருக்க அதற்குள் காபனீரொட்சைட்டு வேண்டும். கொஞ்சச் சுண்ணாம்பைப் பிடிக்கக் கொஞ்ச வாயு போதும். இரண்டு மடங்கு சுண்ணாம்பைப் பிடிக்க இரண்டு மடங்கு வாயு காணாது, அதைவிட எவ்வளவோ கூட வேண்டும். இப்போது கொஞ்சம் பிடித்த தண்ணீரையும் நிறையப் பிடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்துவிடுங்கள். சுண்ணாம்பு நடுத்தரமாக வரும். வாயுவும் நடுத்தரமாக வரும், ஆனால் அந்த நடுத்தரச் சுண்ணாம்புக்குத் தேவையானதைவிட அது அதிகம். மிச்சமான வாயு சும்மா இருக்காது, புதுக் கல்லைக் கரைக்கத் தொடங்கும். கடலுப்பும் சேர்ந்தால் கணக்கு இன்னும் வளைந்து கொடுக்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, அதன்மேல் மிதக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படை இருக்கிறது. மேலிருந்து போன இலை, குப்பை, செத்தது சிதைந்தது எல்லாம் அந்தப் படையில் தங்கி அழுகும், அதிலிருந்தும் அமிலம் வரும். மெக்சிக்கோவின் யுக்கற்றான் பக்கத்துக் குழிக்கிணறுகளில் இந்தப் படையில் அழுகின முட்டை மணக்கிற வாயு ஒரு முகில் மாதிரித் தேங்கி நிற்குமாம். பாழ்கிணறு இறைத்தவர்களுக்கு அந்த மணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தப் படை, கரைக்குக் கிட்ட வர வர மெல்லிசாகி மேலே ஏறும். தரையின் விளிம்பில் நிலத்தடி நீர்மட்டமும் உப்புத் தண்ணீரின் மேல்மட்டமும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். மழைத்தண்ணீர் நிலத்தடி நீரோடு கலந்து கல்லைத் தின்கிற வாயும், நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரோடு கலந்து தின்கிற வாயும் அங்கே ஒன்றாகின்றன. 1990 இல் ஜோன் மைல்ரோய், ஜேம்ஸ் கேரூ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பகாமாஸ் தீவுகளின் குகைகளை வைத்து இதைச் சொன்னார்கள். அங்கேயும் சுண்ணக்கல், அங்கேயும் ஆறு இல்லை. ஆனால் கரையோரக் குன்றுகளுக்குள் உருண்டை உருண்டையாக அறைகள். அவற்றுக்குள் ஆறு ஓடின அடையாளம் இல்லை, அலை அடித்த அடையாளமும் இல்லை. வாசல் இல்லாமலேயே உண்டான அறைகள் அவை. பிறகு கடல் முன்பக்கத்துக் கல்லை உடைத்துக்கொண்டு வந்தபோதுதான் சுவரில் ஓட்டை விழுந்து ஆட்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் குந்தியிருந்த இடத்தின் கூரையைத் திரும்பவும் பார்த்தாள். கிண்ணக் குழிகளை விரலால் தடவினாள். "அப்ப நாங்கள் யன்னலாலை வந்திருக்கிறம்" என்றாள். நான் இவ்வளவு நேரம் சொன்னதைவிட அது நல்லாயிருந்தது.

கடலைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வாடை தொடங்கினால் இந்தக் கரையில் நின்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வருகிற அலை நேரே இந்தக் கல்லில்தான் மோதும். தண்ணீர் அடிப்பதைவிடக் காற்று செய்கிற வேலை பெரிது. வெடிப்புக்குள் இருக்கிற காற்றை அலை ஓங்கி அமுக்குகிறது, அலை பின்வாங்கினவுடன் அந்தக் காற்று வெடிக்கிற மாதிரி விரிகிறது.   அலையோடு வருகிற மணலும் உருட்டுக்கல்லும் அரத்தாள் மாதிரி. தெறிக்கிற உப்புத் தண்ணீர் கல்லின் நுண்துளைக்குள் போய்க் காய்கிறது. உப்புப் பளிங்கு வளர வளரக் கல்லை உள்ளிருந்து தள்ளும். கரையோர வீட்டுச் சுவர்களில் பூச்சு பொருக்கு பொருக்காக விழுவது இதேதான்.

நான் மிகவும் விரும்பிச் சொல்கிற பகுதி உயிர்கள். அலை நனைக்கிற உயரத்தில் கல் கறுப்பாக இருக்கும். அது அழுக்கில்லை. கண்ணுக்குத் தெரியாத பாசி கல்லின் மேற்பரப்புக்குள்ளேயே துளைபோட்டு வாழ்கிறது. அதைத் தின்ன ஊரிகள் வருகின்றன. பாசி கல்லுக்குள் இருப்பதால் ஊரி கல்லையும் சேர்த்துத்தான் சுரண்டவேண்டும். முதுகில் எட்டுத் தகடு போட்ட ஒரு பிராணி கல்லோடு அப்பிக்கொண்டிருக்கும். அதன் நாக்கிலிருக்கிற பற்களில் காந்தக்கல் என்கிற இரும்புத் தாது உண்டு. இரும்புப் பல்லால் இராத்திரி முழுக்கக் கல்லைச் சுரண்டுகிற பிராணி, அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. தண்ணீருக்குக் கீழே கல்லுக்குள் துளைபோட்டுக் குடியிருக்கிற சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் வேறு. கல்லின் குழிகளில் தேங்கின தண்ணீரில் பகலில் பாசி வாயுவை உறிஞ்சிவிடும். இராத்திரி எல்லாம் சேர்ந்து மூச்சு விட, தண்ணீர் புளித்து அந்தக் குழியை இன்னும் கொஞ்சம் கரைக்கும். காலைக் கிழித்த கத்திமுனைகள் அப்படி வந்தவைதான். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் போகும் என்று சூடான கடற்கரைகளுக்குச் சொல்வார்கள். இங்கே வற்றுப்பெருக்கு இரண்டு அடியைத் தாண்டுவது அரிது. அதனால் எல்லா வாயும் ஒரே உயரத்தில் வேலை செய்கிறது. பாறையின் அடி, கோடு போட்ட மாதிரி உள்ளே குடைந்துபோக, மேற்பகுதி தொப்பி விளிம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் அந்த விளிம்பு பாரம் தாங்காமல் கடலில் விழும்.

அப்படி விழுந்த ஒன்றைத் தேடித்தான் இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஐயா என்னை இங்கே கூட்டிவந்தார். இதைவிடப் பெரிய குகை ஒன்று இருந்தது. ஐயா நிமிர்ந்து நிற்பார், தலை முட்டாது. உள்ளே போனதும் வழக்கம்போலச் சுவரில் காதை வைத்தார். "எங்கடை கிணத்துப் புடையிலை கேக்கிற சத்தம்தான் இதுக்கையும் கேக்குது" என்றார். அன்றைக்கு நான் பெரிதாக எடுக்கவில்லை. குகைக்குள் நண்டு பிடிக்கிறதில் இருந்தேன். 1990 இல் சண்டையால் எல்லாரும் இந்தப் பக்கத்தை விட்டு எழும்பினோம். திரும்ப வந்து பார்க்க இருபது வருடத்துக்கு மேலானது, ஐயா அதற்கு முன்னமே போய்விட்டார். முதல் தடவை வந்தபோது குகையைக் காணவில்லை. இடத்தைப் பிழையாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு கடலுக்குள் கிடந்த பெரிய கல் ஒன்றின் அடிப்பக்கத்தில் கிண்ணக் குழிகளைக் கண்டேன். கூரை புரண்டு கிடக்கிறது. உள்ளே இருந்த கிண்ணங்களில் இப்போது ஊரி மேய்கிறது. பெறாமகளுக்குக் காட்டினேன். போட்டோ எடுத்தாள். அப்பப்பா எங்கே நின்றவர் என்று கேட்டாள், காட்டினேன்.

இதே விசயம் கடல் இல்லாத இடத்தில் நடந்தால் நிலாவரை. நவக்கிரியில் ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்த குழிதான் அந்தக் கிணறு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கினது என்பது எங்கள் ஊர்க் கதை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அதுவும் அந்த இரண்டும் கலக்கிற படைதான். கடல் பக்கத்தில் இல்லையே என்று கேட்டாள். குடாநாட்டுக் கல்லுக்குள் நல்ல தண்ணீர், கடல் தண்ணீரின்மேல் மிதக்கிற வில்லைகளாகத்தான் இருக்கிறது என்றேன். கடல்மட்டமும் எப்போதும் இங்கே நிற்கவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை அன்றைக்குத் தரை. கீரிமலையிலிருந்து இராமேசுவரத்துக்குக் கால்நடையாகப் போகலாம், வள்ளமும் வேண்டாம் விசாவும் வேண்டாம். தண்ணீர் மட்டமும் அதோடு கீழே இறங்க, குகைகளும் ஆழத்தில் உண்டாகும். கடல் திரும்பி ஏறினால் அவை தண்ணீருக்குள் மூழ்கிப்போகும்.

நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை உண்டு. ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் தூரம். கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு நான் ஜெர்மனிக் கதை சொல்வேன். அங்கே தன்யூப் ஆறு ஒரு இடத்தில் சுண்ணக்கல்லுக்குள் புதைந்து போகிறது. 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் என்ற இடத்தில் ஒரு பெரிய ஊற்று. இரண்டும் ஒன்றா என்று வழக்கடித்து, 1877 இல் பத்துக் கிலோ பச்சைச் சாயத்தை ஆற்றில் கொட்டினார்கள். ஏறத்தாழ 60 மணித்தியாலம் கழித்து ஊற்று பச்சையாக வந்தது. எங்கள் சனத்தின் தேசிக்காயும் அவர்களின் சாயமும் ஒரே யோசனைதான். தேசிக்காய் வழியில் சிக்கும், சாயம் சிக்காது.

திரும்பி வரும்போது பெறாமகள் கேட்டாள், இவ்வளவும் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று. தொழிலில் திட்டு வாங்குகிறேன் என்றேன். விளையாட்டில்லை. போன பங்குனியில் ஒரு தோட்டக்காரர் புதிதாக மூன்று இஞ்சி மெசின் பூட்டச் சொன்னார். இரண்டே போதும் என்றேன், கேட்கவில்லை. பூட்டினேன். இரண்டு மாதத்தில் தண்ணீர் கைத்துவிட்டது. மெசின்தான் உப்பாக்கினது என்று கடை வாசலில் நின்று சத்தம். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். அந்தக் கணக்குத் திரும்பவும் அப்படியே வேலை செய்யும். மேலே ஒரு அடி இறக்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். கல்லில் புடை இருக்கிற கிணறு என்றால் வருகிற உப்புக்குச் சுரங்கப்பாதை வேறு. நல்ல ஊற்று என்று ஐயா தேடிப்பிடித்த அதே ஓட்டை. அந்த மெசினைக் கழற்றிச் சின்னதைப் பூட்டிவிட்டேன். காசு இன்னும் தரவில்லை.

வீட்டுக்கு வர ஒரு மணி. விரதச் சமையல் முடிகிற நேரம், குசினியில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. பெறாமகள் கை கழுவவும் இல்லை. கரையில் பொறுக்கின கல்லொன்றை அம்மியில் தட்டிப் பொடியாக்கினாள். கேத்தில் பொருக்கையும் பொடியாக்கினாள். ஒரு பீங்கானில் இரண்டையும் தனித்தனிக் குவியலாக வைத்து, மேசையில் கிடந்த தேசிக்காயை வெட்டிப் பிழிந்தாள். இரண்டு குவியலும் சின்னச் சின்ன நுரையாகப் பொங்கின. குனிந்து காதை வைத்துப் பார்த்தாள், ஐயா சுவரில் வைத்த மாதிரி. சத்தம் கேட்குதாம். எந்தக் குவியல் எது என்று கொஞ்ச நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோனது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "சொதிக்கு வைச்ச தேசிக்காய் எங்கை?"